குழலைத் தாண்டிய பிறகு

1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 17-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. 1991-இல் அதை நீக்கிவிட்டார்கள். உரிமம் வாங்கி வேட்டையாடும் வழக்கத்தையே அந்த ஆண்டின் திருத்தம் முடித்துவைத்ததால், எப்படி வேட்டையாட வேண்டும் என்று சொன்ன பிரிவுக்கு வேலை இல்லாமல் போயிற்று. இன்று வழக்கறிஞர்களுக்குக்கூட அது தேவைப்படுவதில்லை. ஆனால் துப்பாக்கி பிடித்த மனிதனை இவ்வளவு அறிந்து எழுதிய வரிகளை வேறு எந்தச் சட்டத்திலும் நான் கண்டதில்லை.

வண்டியில் இருந்தபடி சுடக் கூடாது என்றது அந்தப் பிரிவு. இரவில் சுடக் கூடாது, விளக்கடித்துச் சுடக் கூடாது என்றது. உப்பு நக்க வரும் இடத்திலும் தண்ணீர் குடிக்க வரும் இடத்திலும், அங்கே வருகிற தடத்திலும் காத்திருந்து சுடக் கூடாது; நீர்ப்பறவைக்கும் கல்கௌதாரிக்கும் மட்டும் இதில் விலக்கு. விஷமும் வெடியும் ஆகாது. வலை, குழி, சுருக்கு ஆகாது. புதருக்குத் தீ வைத்து விரட்டுவது ஆகாது. பெரிய விலங்கைச் சுடுவதானால் ரைஃபிள் வேண்டும். தனி அனுமதி வாங்கிக்கொண்டு சாதாரண வேட்டைத் துப்பாக்கியால் சுடுகிறவர், தோட்டாவில் ஒற்றைக் குண்டுதான் போட்டிருக்க வேண்டும். சிதறுகிற ரவை ஆகாது.

ரவையைப் பற்றிய இந்த விதியில்தான் என் மனம் நிற்கிறது. மற்றவற்றின் நியாயம் கேட்டவுடன் பிடிபடுகிறது. தாகத்தோடு குனிந்த தலையைச் சுடுவது ஈனம் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தோட்டாவுக்குள் என்ன இருக்கிறது என்பதில் சட்டத்துக்கு ஏன் இத்தனை அக்கறை? எதனால் செத்தால் என்ன, செத்தது செத்ததுதானே?

சாவதில்லை என்பதுதான் விஷயம். ரவைத் தோட்டாவில் நிறையச் சிறு குண்டுகள் இருக்கும். குழலை விட்டதும் அவை விரியத் தொடங்கும். தூரம் கூடக் கூட வட்டம் பெரிதாகும், ஒவ்வொரு ரவையும் வேகம் இழக்கும். கௌதாரிக்கு அது போதும். கடமானுக்கும் காட்டுப்பன்றிக்கும் போதாது. தோலைத் துளைத்துக் கொழுப்பில் புகுந்து எலும்பருகே நின்றுவிடும். விலங்கு விழாது, ஓடும். புதருக்குள் போய்ப் படுக்கும். காயம் சீழ் வைக்கும். சுட்டவர் வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்து மறுநாள் வேலைக்கும் போய்விட்டிருப்பார். அது இன்னும் செத்துக்கொண்டிருக்கும்.

அந்தப் பிரிவு சட்டப் புத்தகத்தை விட்டுப் போய்விட்டது. அது கவலைப்பட்ட விஷயம் சேலம், நாமக்கல் சமவெளியை விட்டுப் போகவில்லை.

சேர்வராயன், கல்வராயன், பச்சைமலை, கொல்லிமலை, போதமலை என்று மலைகள் சூழ்ந்து நிற்க, நடுவே கிடக்கிறது எங்கள் நிலம். மரவள்ளி, மக்காச்சோளம், நிலக்கடலை, மஞ்சள், கரும்பு. இதில் மரவள்ளிதான் காட்டுப்பன்றிக்குப் பிரியமானது. பத்து மாதம் தண்ணீர் கட்டிக் களையெடுத்துக் காத்திருந்து, ஜவ்வரிசி ஆலைக்கு லாரி ஏற்றுகிற பயிர் அது. அதை ஒரு கூட்டம் ஒரே ராத்திரியில் மூக்கால் கிளறிப் போட்டுவிடும். தின்றது கொஞ்சம், கடித்துப் போட்டது மிச்சம். கடித்த கிழங்கை ஆலைக்காரர் எடுக்க மாட்டார். விடிந்து வந்து பார்க்கிற குடியானவரின் முகத்தைப் பார்த்தவர்கள் வன உயிர்களைப் பற்றி அவரிடம் பேச வாயெடுக்க மாட்டார்கள். அவர் செய்யாத வேலை இல்லை. வரப்பைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டுகிறார், பரண் போட்டு விழித்திருக்கிறார், தகரம் தட்டுகிறார், பட்டாசு கொளுத்துகிறார். மாதாமாதம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கிறார். மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு கிடைக்கிறது.

அப்படிப்பட்ட ஊர்களில்தான் யாராவது ஒருவர் வீட்டு விட்டத்தில் ஒரு குழல் செருகியிருக்கிறது. நாட்டுத் துப்பாக்கி. உரிமம் கிடையாது. வாய் வழியாகக் கருமருந்தைப் போட்டு, நாரை அடைத்து, ஈயத் துண்டோ பால்ரஸ் குண்டோ போட்டு, கம்பியால் கெட்டிக்கிற பழைய முறை. எல்லாமே கைக்கணக்கு. கணக்குக் கூடினால் குழல் வெடித்துக் கெட்டித்தவரின் விரல் போகும். குறைந்தால் பன்றிக்கு உயிர் போகாது, காயம் மட்டும் மிஞ்சும். இருட்டில் அசைந்தது பன்றி என்று நினைத்து, ஒன்றாக வேட்டைக்கு வந்தவரையே சுட்டுவிட்ட செய்தி மலையடிவார ஊர்களில் கேள்விப்படாதது அல்ல. போலீஸ் அவ்வப்போது தண்டோரா போடுகிறது: இன்ன தேதிக்குள் ஒப்படைத்துவிட்டால் வழக்கு இல்லை. சிலர் ஊர்ப் பெரியவர்களிடம் கொண்டுவந்து கொடுக்கிறார்கள், சிலர் ஆளில்லாத நேரம் பார்த்துப் பொது இடத்தில் வைத்துவிட்டுப் போகிறார்கள். எல்லாக் குழலும் வந்துவிடுவதில்லை.

இதைவிடக் கொடியது அவுட்டுக்காய். பழத்திலோ கொழுப்பிலோ வெடிமருந்தைப் பொதிந்து தடத்தில் போட்டுவிட்டு வந்துவிடுவார்கள். குறி பார்க்கக் கண் வேண்டாம். யார் வாயில் வெடிக்கப்போகிறது என்று வைத்தவருக்கே தெரியாது. மேயப் போன பசுவின் தாடை சிதறியிருக்கிறது, நாய்கள் செத்திருக்கின்றன. 2020 மே மாதம் பாலக்காட்டில் வெடி பொதிந்த காயைக் கடித்து, வாய் புண்ணாகி, தின்ன முடியாமல் ஆற்றுத் தண்ணீரில் போய் நின்றே செத்த கருவுற்ற யானையை நாடு முழுவதும் பார்த்தது. யானையைக் கொல்ல அந்தக் காயை யாரும் வைத்திருக்க மாட்டார்கள் என்றுதான் நான் நம்புகிறேன். பன்றிக்கு வைத்திருப்பார்கள்.

போதமலை அடிவாரத்து ஓடை ஒன்றில், சீமைக்கருவேலத்துக்குக் கீழே ஒரு தாய்ப்பன்றி கிடந்ததை நான் பார்த்தேன். மூச்சு இருந்தது. பின்தொடை வீங்கித் தோல் பளபளத்தது. எழ முயன்று முயன்று முன்னங்கால்களால் மண்ணில் இரண்டு பள்ளம் பறித்திருந்தது. வனக்காவலர் வந்து சேர்வதற்குள் அடங்கிவிட்டது. கால்நடை மருத்துவர் அந்த இடத்திலேயே அறுத்துப் பார்த்தார். சீழுக்குள் இருந்து மூன்று பால்ரஸ் குண்டுகளை இடுக்கியால் எடுத்து எஃகுத் தட்டில் போட்டார். கழுவியதும் புதுசுபோல மின்னின. இதயம் இருக்கும் பக்கத்தில் ஒன்றுகூடப் படவில்லை. பக்கத்துக் காட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அரை ஏக்கர் மரவள்ளி அவருக்குப் போயிருந்தது. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர் என் பக்கம் திரும்பாமல் சொன்னார்: "யார் சுட்டாங்களோ தெரியலைங்க. சாகட்டும்னுதான் சுட்டிருப்பாங்க. இப்படிக் கெடக்கட்டும்னு யாருங்க சுடுவாங்க?"

யார் சுட்டது என்று நான் கேட்கவில்லை. அவர் சொன்னது உண்மை. அந்த உண்மையைத்தான் அதற்குப் பிறகு பல நாள் யோசித்துக்கொண்டிருக்கிறேன். சுடுகிறவர் மனதில் இருப்பது ஒன்று, குண்டு போய்ச் செய்வது வேறொன்று. இந்த இரண்டுக்கும் நடுவே கிடக்கிற தூரத்துக்கு யார் பொறுப்பு?

இந்த மண்ணின் பழைய வேட்டைக்காரன் ஒருவனிடம் இதற்கு விடை தேடலாம். கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி. புறநானூற்றின் 152-ஆம் பாடலில் வன்பரணர் அவனுடைய ஒரே அம்பைப் பாடுகிறார். அது யானையைத் துளைத்து, புலியைக் கொன்று, மானை வீழ்த்தி, பன்றியை உருட்டி, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்தது. ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கை ஒட்டிக் கொல்லிமலையில் அரசு எடுக்கிற வல்வில் ஓரி விழாவில் இந்த அம்பைப் பேசாத மேடை இல்லை. வில் வலிமைக்குச் சான்றாகவே பேசுகிறோம். எனக்கு அந்தப் பாட்டில் வேறொன்று தெரிகிறது. வன்பரணர் அந்த அம்பை நடுவில் விடவே இல்லை. யானை விழுந்தது, போதும் என்று திரும்பவில்லை. அது எந்த உடம்பில் புகுந்து எந்த உடம்பில் வெளியே வந்தது, எங்கே போய் நின்றது என்று கடைசி உயிர் வரைக்கும் அதன் பின்னாலேயே போகிறார். அந்த இடத்தில் பார்க்கக் கண்கள் இருந்தன, பாணர் கூட்டம் நின்றது. புகழைக் கேட்ட வேடனோ நாணினான் என்று பாட்டு சொல்கிறது. வேட்டை இறைச்சி பசித்து வந்தவர்களுக்குப் போயிற்று.

அந்த ஐந்து உயிர்களும் இன்று சட்டத்தின் காப்பில் இருக்கின்றன. யானையும் புலியும் உடும்பும் முதல் அட்டவணையில். காட்டுப்பன்றி, 2022-இன் திருத்தத்துக்குப் பிறகு, இரண்டாம் அட்டவணையில். ஓரியின் காலம் திரும்ப வராது, வரவும் வேண்டாம். ஆனால் அம்பின் பின்னால் கடைசி வரைக்கும் போன அந்தப் பார்வை நம்மிடம் இருந்திருக்கிறது. இரவில் பரண்மீதிருந்து கண்மூடித்தனமாக வெடித்துவிட்டு இறங்கிப் போகிறவரிடம் அதுதான் இல்லாமல் போயிற்று.

குண்டின் பின்னால் யாரும் போகாதபோது என்ன ஆகும் என்பதற்கு உலக வேட்டை வரலாற்றில் மிகப் பெரிய சாட்சி ஒரு புலிதான். நேபாளத்திலும் குமாவோனிலுமாக 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட சம்பாவத் பெண்புலியை 1907-இல் ஜிம் கார்பெட் சுட்டார். அதன் வலப்பக்கக் கோரைப் பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. பழைய துப்பாக்கிக் காயம். வழக்கமான இரையைப் பிடிக்க முடியாமல் போனதால்தான் அது மனிதரைப் பிடிக்கத் தொடங்கியது என்று கார்பெட் எழுதினார். எவரோ ஒருவர் எப்போதோ சுட்டு, விழவில்லை என்று வீட்டுக்குப் போயிருக்கிறார். நம் பக்கத்திலும் இந்தக் கதைகளுக்குப் பஞ்சமில்லை. கென்னத் ஆண்டர்சன் எழுதிய ஜவளகிரி ஆட்கொல்லியின் காடு அன்று சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. 1965-இல் தருமபுரி பிரிந்தபோதுதான் நம்மை விட்டுப் போனது.

விலங்கு விழுந்த பிறகும் குண்டின் பயணம் முடிவதில்லை என்பதை உலகம் இன்னும் தாமதமாகக் கற்றது. வாத்துகள் இரையை அரைக்கச் சிறு கற்களை விழுங்கும். குளத்தடியில் வீழ்ந்து கிடக்கும் ஈய ரவையையும் கல் என்று விழுங்கும், மெல்ல மெல்ல நஞ்சேறிச் சாகும். குறி தவறிய ரவையும் கொல்கிறது. அமெரிக்கா நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவையை 1991-இல் நாடு முழுவதும் விலக்கியது. டென்மார்க் 1996-இல் ஈய ரவையையே தடை செய்தது. கலிஃபோர்னியாவில் வேட்டைக்காரர் விட்டுச்சென்ற குடலைத் தின்ற காண்டர் கழுகுகள் ஈயத்தால் மடிந்தன. 1980-களில் இருபத்துச் சொச்சமே எஞ்சிய பறவை அது. அந்த மாநிலம் 2013-இல் சட்டம் இயற்றி, 2019 ஜூலை முதல் எல்லா வேட்டைக்கும் ஈயத் தோட்டாவை விலக்கியது. இந்தச் சட்டங்களைக் கடைப்பிடிக்கிற வேட்டைக்காரரை நினைத்துப் பார்க்கிறேன். விடியற்காலை, பனி மூடிய ஏரி, சுற்றிலும் மைல்கணக்கில் ஆள் இல்லை. பையில் பழைய ஈயத் தோட்டா இருக்கிறது, எஃகுத் தோட்டாவும் இருக்கிறது. எதைப் போட்டார் என்று எவருக்கும் தெரியப்போவதில்லை. எஃகுத் தோட்டாவை எடுத்துப் போடுகிறார். தன் கண்ணுக்குத் தெரியாத ஒரு பறவைக்காக, தான் அந்த இடத்தை விட்டுப் போன பிறகு வரப்போகிற பறவைக்காக, அவர் கை அந்த ஒரு நொடி தயங்கியிருக்கிறது.

எங்கள் ஊரில் உரிமம் வைத்திருந்த பெரியவர் ஒருவரிடமும் அந்தத் தயக்கத்தைப் பார்த்திருக்கிறேன். ஒற்றைக்குழல் துப்பாக்கி. வருஷத்தில் சில தடவை எண்ணெய் போட்டுத் துடைப்பார். தேர்தல் வந்தால் துணியில் சுற்றிக் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவார். ஒரு சமயத்தில் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம், வருஷத்துக்கு எத்தனை வாங்கலாம் என்று உரிமப் புத்தகத்தில் இருக்கும். கடைக்காரர் ஒவ்வொரு முறையும் தேதி போட்டு எண்ணிக்கை எழுதுவார். அந்தப் பக்கத்தைப் பால் கணக்கு நோட்டைவிடப் பத்திரமாக வைத்திருந்தார். ஒருநாள் உறவுப் பையன் ஒருவன் வந்து நின்றான். "பெரிய மாமா, ரெண்டே ரெண்டு தோட்டா குடுங்க. பன்னி படுத்துற பாடு தாங்கலை. வெறுங்கூட்டைக் காலையில கொண்டாந்து குடுத்தர்றேன்." பெரியவர் உடனே பதில் சொல்லவில்லை. உட்காரச் சொல்லி மோர் கொடுக்கச் சொன்னார். பிறகு சொன்னார்: "தோட்டா போன கணக்கு எம் பேர்ல இருக்குது கண்ணு. அது போற இடம் உங் கையில இருக்கும். ரெண்டும் ஒரே ஆளா இருந்தாத்தான் துப்பாக்கியைத் தொடோணும்." பையன் முகம் சுண்டிப் போயிற்று. அன்று ராத்திரி டார்ச் லைட்டும் தகர டின்னுமாக அவனோடு பரணில் போய் உட்கார்ந்தவரும் அந்தப் பெரியவர்தான்.

சட்டத்தை ஏன் மதிக்க வேண்டும் என்று கேட்பவர்களிடம் வலுவான வாதங்கள் இருக்கின்றன. அவற்றைச் சுலபமாகத் தள்ளிவிட நான் விரும்பவில்லை. இந்நாட்டின் ஆயுதச் சட்டம் பிறந்த கதை நல்ல கதை அல்ல. 1878-இல் லிட்டன் பிரபு கொண்டுவந்தபோது இந்தியனுக்கு உரிமம் வேண்டும், ஐரோப்பியனுக்கு வேண்டாம் என்றிருந்தது. தன் வயலில் பன்றி விரட்டக் குடியானவர் தாசில்தாரிடம் கை கட்டி நிற்க, தோட்டத் துரை விருந்தாளிகளோடு காட்டெருமை சுட்டுப் படம் பிடித்துக்கொண்டார். அந்த நினைவு மலை ஊர்களில் இன்னும் போகவில்லை. விடுதலைக்குப் பிறகு வந்த 1959-ஆம் ஆண்டுச் சட்டம் வேறு மாதிரியானது. பயிர்க் காவலுக்கு என்று உண்மையாகக் கேட்பவருக்கு வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தர அது தனியாக இடம் வைத்திருக்கிறது. ஆனால் அந்த உரிமத்துக்கு அலைகிற அலைச்சல், மலையாளிப் பழங்குடிக் குடும்பத்துக்கு ஒரு விதமாகவும் டவுனில் செல்வாக்குள்ளவருக்கு வேறு விதமாகவும் இருக்கிறது என்றால் அதை மறுக்க என்னால் முடியாது.

இன்னொரு குழப்பமும் உண்டு. துப்பாக்கிக்கு உரிமம் இருந்தால் சுடவும் உரிமை இருக்கிறது என்று நினைப்பவர்கள் படித்தவர்களிலேயே அதிகம். காவிரி பிறக்கிற குடகில் கொடவர்களுக்கு ஆயுத உரிமத்திலிருந்தே விலக்கு இருக்கிறது. 2019-இல் அதை மேலும் பத்தாண்டுக்கு மத்திய அரசு நீட்டித்தது. அவர்கள் பூஜை செய்து வைத்திருக்கிற துப்பாக்கியும் காட்டில் ஒரு மானைத் தொட முடியாது. வைத்திருப்பது ஒரு சட்டம், சுடுவது வேறு சட்டம்.

இத்தனை குறையும் உள்ள சட்டத்துக்கு ஏன் கட்டுப்பட வேண்டும்? அபராதத்துக்குப் பயந்து என்பது பதிலாகாது. இரவில், மலையடிவாரத்தில், அபராதம் போட யாரும் இல்லை. அரசு சொல்கிறது என்பதும் பதிலாகாது. அரசு சொல்வதில் பாதியை நாம் தினமும் கேட்காமல்தான் இருக்கிறோம். ஓடையில் கிடந்த பன்றியும் எஃகுத் தட்டில் மின்னிய குண்டுகளும் எனக்குச் சொன்ன பதில் வேறு. விசையை அழுத்தும் வரைக்கும்தான் குண்டின்மேல் நமக்கு அதிகாரம். குழலைத் தாண்டிய பிறகு அது நம் பேச்சைக் கேட்பதில்லை. கோபம் தணிந்துவிட்டது, திரும்பி வா என்றால் வராது. இது தாய், இதை விட்டுவிடு என்றால் விடாது. அதிகாரம் அங்கே முடிந்துவிடுகிறது. பொறுப்பு மட்டும் குண்டோடு கூடவே போகிறது, அது புகுந்த உடம்பிலேயே இருக்கிறது, சீழ் வைக்கிறது, நாம் சாப்பிட்டுத் தூங்குகிறபோதும் முடியாமல் இருக்கிறது. பிறகு யோசித்துத் திருத்த முடியாத செயல் இது. ஆகவே யோசனை முழுவதும் முன்னாலேயே நடந்தாக வேண்டும். எந்தத் துப்பாக்கி, எந்தத் தோட்டா, எந்த நேரம், எவ்வளவு வெளிச்சம், எந்த விலங்கு என்ற கேள்விகளை எல்லாம், ஆத்திரத்தில் நிற்கிறவனுக்கு முன்பே, ஆத்திரம் இல்லாத நேரத்தில், பலர் உட்கார்ந்து யோசித்து எழுதிவைத்ததுதான் வேட்டைச் சட்டம். இருட்டில் தனியாக நிற்கிறவனுக்கு அந்த நேரத்தில் கிடைக்காத நிதானத்தை அது முன்கூட்டியே சேர்த்து வைத்திருக்கிறது. அங்கே விலங்கின் தரப்பில் பேச அதைத் தவிர வேறு வாய் இல்லை. அதனால்தான் ஆள் பார்க்காத இடத்தில் அதை மீறுவது, ஆள் பார்க்கிற இடத்தில் மீறுவதைவிடப் பெரிய பிழை என்று எனக்குப் படுகிறது.

இதே அளவுகோல் அரசின் துப்பாக்கிக்கும் பொருந்த வேண்டும். 2023 பிப்ரவரியில், மேட்டூரை அடுத்த கோவிந்தபாடியைச் சேர்ந்த ஒருவர், கர்நாடக எல்லையில் பாலாற்றுப் பக்கம் அந்த மாநில வனத்துறையினர் சுட்டதில் இறந்தார். வேட்டைக்கு வந்தவர்கள் என்றது வனத்துறை. மீன் பிடிக்கப் போனவர் என்றார்கள் உறவினர்கள். யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் சீருடை போட்டவர் கையில் இருந்தாலும் குண்டு குண்டுதான். குழலைத் தாண்டிய பிறகு அதுவும் பேச்சைக் கேட்பதில்லை. மானுக்காக எழுதிய சட்டம் மனிதன் உயிரில் போய் முடிந்தால், அந்தக் குண்டின் பின்னால் கடைசி வரைக்கும் போய்க் கணக்குக் கேட்கிற கண் இருந்தே ஆக வேண்டும்.

சட்டத்துக்குக் கட்டுப்படுகிற குடியானவருக்கு அரசு கடன்பட்டிருக்கிறது. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு காட்டுப்பன்றி பற்றி ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றி வந்தால் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையின் பயிற்சி பெற்ற ஆட்கள் சுடலாம். கேரளம் வேறு வழியில் போனது. 2022-இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கே அனுமதி தரும் அதிகாரம் கொடுத்தது, ஆனால் விஷம், வெடி, மின்சாரம் மூன்றையும் விலக்கியே கொடுத்தது. இரண்டு அரசுகளும் கொல்லும் விதத்தைப் பற்றி யோசித்திருக்கின்றன. நீக்கப்பட்ட அந்த 17-ஆம் பிரிவின் மூச்சு இவற்றில் இருக்கிறது என்று நினைக்கிறேன். இந்த யோசனை எனக்கு ஆறுதலாக இருக்கிறது.

ஆனால் எங்கள் பக்கம் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். போதமலைக்கும் கொல்லிமலைக்கும் அடியில் கிடக்கிற மரவள்ளிக் காடுகளில் பல அந்த 3 கிலோமீட்டருக்குள் வருகின்றன. அங்கே துப்பாக்கி இல்லை, கூண்டுதான். அது எனக்குச் சம்மதம். அப்படியானால் கூண்டு வர வேண்டும். பன்றி வந்தது என்று வனச்சரக அலுவலகத்துக்குப் போன் செய்த அந்த வாரமே வர வேண்டும், கிழங்கு எல்லாம் போன பிறகு வரக் கூடாது. பயிர்ச் சேதத்தைக் கிராம நிர்வாக அலுவலரும் வனக்காவலரும் தனித்தனித் தேதியில் வந்து பார்க்காமல் ஒரே நாளில் வந்து எழுத வேண்டும். அடுத்த நடவுக்குக் கரணை வாங்கும் முன் நிவாரணம் கைக்கு வர வேண்டும். தண்டோரா போட்டுக் குழல்களை வாங்கிக்கொண்டு போகிற ஜீப், குழல் கொடுத்தவருடைய காட்டு எல்லையில் எத்தனை பன்றித் தடம் இருக்கிறது என்றும் இறங்கிப் பார்க்க வேண்டும். விட்டத்திலிருந்து அதை இறக்கிக் கொடுத்தவர், பத்து மாதப் பயிரையும் சேர்த்து நம்பிக் கொடுத்திருக்கிறார். குறைதீர் கூட்டத்தில் அவர் அடுத்த முறை எழுந்து நிற்கும்போது, ஒப்புகைச் சீட்டோடு அவரைத் திருப்பி அனுப்ப எந்த அதிகாரிக்கும் நியாயம் கிடையாது.